அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள்

நெகிரி செம்பிலானில் இருக்கும் நம் சி ரூசாவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். ஆனாலும் படிப்பை முடித்த பிள்ளை "கே.எல். போறேன்" என்று சொன்னால், வீட்டில் ஏதோ வெளிநாட்டுப் பயணம் போல ஏற்பாடு நடக்கிறது. தலையணை, ரைஸ் குக்கர், சாமி படம், வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள் எல்லாம் மூட்டையாகின்றன. என்ன வேலைக்கு என்று கேட்டால் இப்போது அடிக்கடி காதில் விழும் பதில் "மார்க்கெட்டிங்". கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த வேலையில் காலை ஒன்பது மணிக்கு என்ன செய்வார்கள், மாதக் கடைசியில் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. தேநீர் ஆறுவதற்குள் நாம் அதைப் பார்த்துவிடுவோம்.

முதலில், ஊரை விட்டு ஏன் போக வேண்டியிருக்கிறது? படிப்பு இங்கேயே இருக்கிறது. கடற்கரைச் சாலையின் 14-வது கிலோமீட்டரில், சி ரூசாவிலேயே, போர்ட்டிக்சன் பாலிடெக்னிக் இருக்கிறது. வணிகப் படிப்பும் அங்கே உண்டு. வேலைதான் இங்கே இல்லை. நம் ஊர் மளிகைக் கடையில் இருக்கும் மைலோ டின்னை எடுத்துக்கொள்வோம். அதற்கு இந்த மாதம் விலைக் கழிவு கொடுப்பதா, கூடவே ஒரு குவளையை இனாமாகக் கட்டுவதா என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வதில்லை. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் நெஸ்லேயின் தலைமை அலுவலகத்தில் முடிவு செய்கிறார்கள். வங்கி, தொலைபேசி நிறுவனம், காப்புறுதி நிறுவனம் எல்லாமே இப்படித்தான். கிளை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மார்க்கெட்டிங் வேலை தலைமை அலுவலகத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். செனவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலைகள் நிறைய இருந்தும் இந்த வேலைகள் அங்கே குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று போவதில் நியாயம் இருக்கிறது.

குழப்பம் அடுத்த படியில் தொடங்குகிறது. மார்க்கெட்டிங் என்றால் பேசி விற்பது என்று ஏறக்குறைய எல்லாரும் நினைக்கிறோம். "நல்லா பேசுவான், மார்க்கெட்டிங்ல பொழைச்சுக்குவான்" என்று மாமா சொல்வார். "கூச்ச சுபாவம், அவளுக்கு ஒத்து வராது" என்று அத்தை சொல்வார். இரண்டு பேருமே வேறு ஒரு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த இடத்திலேயே பார்ப்போம். தெலுக் கெமாங் பக்கம் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல். சனிக்கிழமை அறை கிடைக்காது, செவ்வாய்க்கிழமை பாதிக்கு மேல் காலி. இந்தக் காலி அறைகளுக்காக அங்கே இரண்டு பேர் உழைக்கிறார்கள். ஒருவர் தொலைபேசியை எடுத்து நிறுவனங்களையும் பள்ளிக்கூடங்களையும் அழைக்கிறார்; மூன்று நாள் பயிற்சி முகாம், நாற்பது அறை, சாப்பாடு சேர்த்து இவ்வளவு என்று பேரம் பேசி முடிக்கிறார். இவர் விற்பனைக்காரர். இவர் பேசினால்தான் காரியம் நடக்கும்.

இன்னொருவர் பேசுவதற்கு முன்னால் கணக்கைப் பார்க்கிறார். சனிக்கிழமை வருகிறவர்கள் யார், பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பிள்ளைகளோடு வருகிற குடும்பங்களா? அவர்கள் வாரத்தின் எந்த நாளில், எத்தனை மணிக்கு அறையைப் பதிவு செய்கிறார்கள்? நம் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஹோட்டலுக்குப் போகிறவர்கள் எதைப் பார்த்துப் போகிறார்கள், விலையையா, நீச்சல் குளத்தையா? செவ்வாய்க்கிழமை வரக்கூடியவர்கள் யார்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பள்ளி வயதை எட்டாத குழந்தை உள்ளவர்கள். அவர்களுக்கு என்ன விலை, என்ன படம், எந்த இடத்தில் விளம்பரம்? இப்படி யோசித்து, செலவு செய்து, வந்த பலனை அளந்து பார்ப்பவர்தான் மார்க்கெட்டிங் ஆள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதில் பிரமாதமாக வேலை செய்வார்கள், அத்தையிடம் சொல்லிவிடலாம்.

விற்பனையே கண்ணில் படாத மார்க்கெட்டிங்கும் உண்டு. பெட்ரோனாஸ் நிறுவனத்துக்காக யாஸ்மின் அகமட் எடுத்த பண்டிகைக் கால விளம்பரங்கள் பலருக்கு நினைவிருக்கும். லியோ பர்னெட் விளம்பர நிறுவனத்தின் கோலாலம்பூர் அலுவலகத்தில் படைப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் அவர், 2009-இல் காலமானார். அந்தத் தீபாவளிப் படங்களில் யாரும் பெட்ரோல் வாங்குங்கள் என்று கேட்கவில்லை. ஒரு குடும்பம், ஒரு தாத்தா, கொஞ்சம் குறும்பு, அவ்வளவுதான். ஆனால் அடுத்த முறை வண்டியை எந்த எண்ணெய் நிலையத்துக்குள் திருப்புகிறோம் என்பதில் அந்தப் படத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதற்குத்தான் அத்தனை செலவு.

இன்று புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கிடைக்கும் மார்க்கெட்டிங் வேலை பெரும்பாலும் கணினிக்கு முன்னால்தான். விளம்பரங்களில் சில சொற்கள் பயமுறுத்தும், பயப்பட ஒன்றுமில்லை. எஸ்இஓ என்றால், யாராவது கூகுளில் தேடும்போது நம் நிறுவனத்தின் பக்கம் மேலே வரும்படி அந்தப் பக்கத்தை எழுதுவதும் திருத்துவதும். சிடிஆர் என்றால், விளம்பரம் நூறு முறை கண்ணில் பட்டால் எத்தனை முறை அதைத் தொட்டுத் திறந்தார்கள் என்ற கணக்கு. லீட் என்றால், பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போன, இன்னும் வாங்காத ஆள். மார்க்கெட்டிங் ஆள் லீடைக் கொண்டு வருகிறார், விற்பனைக்காரர் அதை வாடிக்கையாளராக மாற்றுகிறார். இரண்டு வேலையும் கைகோத்து நிற்கும் இடம் இதுதான். குழப்பம் பிறக்கும் இடமும் இதுதான்.

இனி அந்த விளம்பரங்களைப் பார்ப்போம். "மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் தேவை. அனுபவம் வேண்டியதில்லை. எஸ்பிஎம் போதும். வருமானம் 3,000 முதல் 8,000 வெள்ளி வரை. சொந்த வாகனம் இருந்தால் நல்லது. உடனே வேலை." இந்த மாதிரி அறிவிப்புகள் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் தினமும் சுற்றுகின்றன. ஒரு நிறுவனத்துக்கு விற்கிறவர்கள் ஐம்பது பேர் வேண்டும், மார்க்கெட்டிங்குக்கு இரண்டு பேர் போதும். "விற்பனையாள் தேவை" என்று போட்டால் யாரும் வருவதில்லை. அதனால் பேரங்காடியில் மேசை போட்டுக் கடன் அட்டைக்கு ஆள் பிடிப்பதற்கும், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்பதற்கும் மார்க்கெட்டிங் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். பெயரை விட்டுவிடுவோம், நமக்கு அதில் சண்டை இல்லை. அந்த அறிவிப்பில் "வருமானம்" என்று போட்டு, 3,000-க்கும் 8,000-க்கும் நடுவில் அத்தனை பெரிய இடைவெளி விட்டிருக்கிறார்களே, அதை மட்டும் பிடித்துக்கொள்வோம். மாதச் சம்பளம் கொடுக்கிறவர் அப்படி எழுத மாட்டார். விற்றால் கமிஷன், விற்காவிட்டால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாட்டில்தான் வருமானம் இப்படி நீண்டு கிடக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் தாத்தா பாட்டி காலத்தில் பால்மரம் வெட்டினால் அன்றைய பாலின் எடையைப் பொறுத்துக் காசு. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. ரப்பர் விலை உலகச் சந்தையில் இறங்கினால், அதில் எந்தத் தப்பும் செய்யாதவர்களின் வீட்டு அடுப்புதான் முதலில் அணையும். அதனால்தான் தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார்கள். 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் நீண்ட கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. கமிஷன் மட்டும் தரும் வேலை அந்தப் பால் எடைச் சம்பளத்தைக் கழுத்துப்பட்டை மாட்டி, குளிர்சாதன அறைக்குள் கூட்டி வந்திருக்கிறது. விற்காத மாதம்தான் இங்கே மழை பெய்த நாள்.

சட்டமும் இந்த இரண்டையும் அருகருகே வைத்தே பார்க்கிறது. குறைந்தபட்ச சம்பள ஆணையின்படி மாதத்துக்கு 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு இது வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் சிறிய இடங்களுக்கும் வந்துவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் இல்லாமல் எண்ணிக்கைக்கு, எடைக்கு, ஒப்படைத்த வேலைக்கு, நடைக்கு அல்லது கமிஷனுக்கு வேலை செய்கிறவர்களுக்கும் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும் என்று அந்த ஆணை சொல்கிறது. செம்பனைக் குலையை எடை போட்டுச் சம்பளம் வாங்குகிறவரும் கமிஷனுக்கு விற்கிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படியானால் கமிஷன் மட்டும் கொடுக்கும் நிறுவனங்கள் எப்படித் தப்பிக்கின்றன? நம்மைத் தொழிலாளியாகவே எடுப்பதில்லை. "நீங்கள் எங்கள் பங்காளி, ஏஜெண்ட், உங்களுக்கு நீங்களே முதலாளி" என்பார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும். முதலாளி ஆகிவிட்டால் குறைந்தபட்ச சம்பளம் கிடையாது, ஊழியர் சேமநிதி கிடையாது, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது. வேலைக்காரராக இருந்தால் 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு நிறுவனம் தன் பங்காக 13 விழுக்காடு சேமநிதியில் போட வேண்டும். நம் பங்கு 11 விழுக்காடு. கமிஷன் கொடுத்தால் அதற்கும் சேர்த்துப் போட வேண்டும். ஏஜெண்டுக்கு இந்தத் தலைவலி எதுவும் நிறுவனத்துக்கு இல்லை. காப்புறுதி முகவர்கள் போல உண்மையிலேயே சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு வா, இந்தச் சட்டை போடு, இந்த இடத்தில் நில் என்று உத்தரவும் போட்டுவிட்டு, சம்பள நாளில் மட்டும் நீ முதலாளி என்பதுதான் தப்பு. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை நேரத்தையும் வேலை செய்யும் விதத்தையும் ஒருவர் கட்டுப்படுத்தினால் நாம் அவருடைய தொழிலாளி என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நேர்காணலில் மூன்று கேள்வி கேட்டால் போதும், பதில் தானாக வெளியே வரும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? முதல் மாதத்திலிருந்தே சேமநிதியும் சொக்சோவும் கட்டுவீர்களா? ஆறு மாதம் கழித்து என் வேலை நன்றாக இருக்கிறதா என்பதை எதை வைத்துப் பார்ப்பீர்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. "மாதத்துக்கு எத்தனை கேஸ் முடித்தீர்கள் என்று பார்ப்போம்" என்றால் அது விற்பனை. "எத்தனை லீட் வந்தது, விளம்பரத்துக்கு ஆன செலவுக்கு எவ்வளவு திரும்பி வந்தது" என்றால் அது மார்க்கெட்டிங். தகுதிகாண் காலத்தில் சேமநிதி இல்லை என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. முதல் சம்பளத்திலிருந்தே கட்ட வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஒழுங்கான நிறுவனத்தில் மனிதவளப் பிரிவு ஆட்களுக்கு இந்தக் கேள்விகள் தினமும் காதில் விழுபவைதான். கோபித்துக்கொள்கிறவர்களிடம் சேராமல் இருப்பதே நல்லது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விற்பனை மட்டமான வேலை இல்லை. அடிப்படைச் சம்பளத்தோடு கமிஷனும் தரும் விற்பனை வேலையில் இரண்டு ஆண்டு இருந்தவருக்கு வாடிக்கையாளரின் மனசு தெரிந்துவிடும். பிறகு மார்க்கெட்டிங் பக்கம் போனால் அது பெரிய பலம். தெரிந்தே அதில் சேருவது வேறு, மார்க்கெட்டிங் என்று நம்பி வந்து முதல் நாள் காலையில் துண்டுப் பிரசுரத்தோடு பேரங்காடி வாசலில் நிற்பது வேறு. நேரடி விற்பனை நிறுவனம் என்றால் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு ஏஜேஎல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். பயிற்சிக்கு, சீருடைக்கு, சரக்குக்கு என்று முதலில் நம்மிடமே பணம் கேட்கிற இடத்தில் உட்கார வேண்டாம், எழுந்து வந்துவிடலாம்.

சரி, உண்மையான மார்க்கெட்டிங் வேலைதான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டோம். அனுபவம் கேட்பார்களே, அதற்கு எங்கே போவது? சி ரூசாவில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கோலாலம்பூர்க்காரர்கள் நம் ஊருக்கு வாடிக்கையாளராக வருகிறார்கள். சனிக்கிழமை காலையில் காரை நிறுத்திவிட்டு எதைக் கேட்கிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள், எந்த விலைக்கு யோசிக்காமல் பணத்தை எடுக்கிறார்கள் என்று சின்ன வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறோம். தலைநகரில் பிறந்தவருக்குக் கிடைக்காத பாடம் அது. மூட்டை கட்டுவதற்கு முன்னால் அதைக் காகிதத்தில் கொண்டு வர வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் ஹோம்ஸ்டே, சாப்பாட்டுக் கடை, படகுச் சவாரி, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் கூகுள் வரைபடப் பக்கத்தைச் சரி செய்யுங்கள், படங்களை மாற்றுங்கள், ஐம்பது வெள்ளியில் ஒரு பேஸ்புக் விளம்பரம் போட்டுப் பாருங்கள். தொடங்கும் முன் எத்தனை பேர் அழைத்தார்கள், இரண்டு மாதம் கழித்து எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள். எண்ணிக்கை சின்னதாக இருந்தால் பரவாயில்லை. பலன் இல்லாமல் போனால் ஏன் போனது என்று ஒரு பத்தி எழுதி வையுங்கள், அதுவும் செல்லும். "கடுமையாக உழைப்பேன், குழுவாகச் செயல்படுவேன்" என்று நூறு பேர் எழுதியிருக்கும் தற்குறிப்புகளுக்கு நடுவில் இந்த ஒரு பக்கம் தனியாகத் தெரியும்.

சான்றிதழுக்குப் பெரிய பணம் கட்ட வேண்டாம். கூகுளின் ஸ்கில்ஷாப்பில் விளம்பரப் பாடமும் தேர்வும் இலவசம். ஹப்ஸ்பாட் அகாடமியிலும் இலவசப் பாடங்கள் உண்டு. கைபேசியிலேயே பாதி படித்துவிடலாம்.

விண்ணப்பிக்கும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1997-இல் நம் நாட்டிலேயே தொடங்கிய ஜாப்ஸ்ட்ரீட் இருக்கிறது, லிங்க்ட்இன் இருக்கிறது, சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் இருக்கிறது. முகவரியில்தான் ஒரு நுணுக்கம். தற்குறிப்பில் "சி ரூசா, நெகிரி செம்பிலான்" என்று பார்த்ததும், இவர் உண்மையில் வருவாரா, வந்து இரண்டு மாதத்தில் வீட்டு நினைவு வந்து ஓடிவிடுவாரா என்று தேர்வு செய்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். அவர் நம்மை அழைத்துக் கேட்கமாட்டார், அடுத்த தற்குறிப்புக்குப் போய்விடுவார். சந்தேகத்துக்கான பதிலை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்: கோலாலம்பூருக்குக் குடிபெயர்கிறேன், வேலை உறுதியான இரண்டு வாரத்தில் சேர முடியும். முகவரியை மறைக்கவும் வேண்டாம், உறவினர் வீட்டு முகவரியைப் பொய்யாகப் போடவும் வேண்டாம்.

மாண்டரின் பேசத் தெரிய வேண்டும் என்று பல அறிவிப்புகளில் இருக்கும். அதைப் பார்த்து மனம் புண்படுவது இயல்பு. சில இடங்களில் வாடிக்கையாளர்களே அந்த மொழிக்காரர்கள் என்ற காரணம் உண்மையாக இருக்கும், சில இடங்களில் அது வெறும் வேலி. இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. அதில் நேரத்தைப் போக்காமல் நகர்ந்துவிடுவதே புத்திசாலித்தனம். தமிழுக்கும் ஒரு சந்தை இருக்கிறது. ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகள், ராகா, மின்னல் வானொலிகள், தீபாவளிக்கு விளம்பரம் செய்யும் நிறுவனங்கள், நகைக்கடைகள், துணிக்கடைகள் எல்லாவற்றுக்கும் நல்ல தமிழில் ஒரு வரி எழுதத் தெரிந்தவர் தேவை. கணினி மொழிபெயர்த்த தீபாவளி வாழ்த்துகளைச் சாலையோரப் பதாகைகளில் பார்க்கிற நமக்கு அந்தத் தேவை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

நேர்காணலுக்காக முன்கூட்டியே குடிபெயர வேண்டியதில்லை. முதல் சுற்று இப்போது பெரும்பாலும் காணொளியில் நடக்கிறது. இரண்டாவது சுற்றுக்குப் போய் வரலாம். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் 1891-லேயே ரயில் ஓடியது. இன்று பயணிகளுக்கு அந்தப் பாதை இல்லை, எனவே சிரம்பான் வரை பேருந்து. அங்கிருந்து கொமுட்டர் நீலாய், காஜாங், பண்டார் தாசிக் செலாத்தான், மிட்வேலி வழியாகக் கே.எல். சென்ட்ரலுக்குப் போகிறது. காஜாங்கில் எம்ஆர்டிக்கும் பண்டார் தாசிக் செலாத்தானில் எல்ஆர்டிக்கும் மாறலாம். பத்து மணி நேர்காணலுக்கு எட்டரைக்கெல்லாம் நகரத்துக்குள் இருக்கும்படி புறப்படுங்கள். கொமுட்டரை நம்பி நிமிடக் கணக்குப் போட்டவர்கள் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் பணம். ஒரு கணக்குக்காகச் சம்பளம் 2,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சேமநிதிக்கு 275 போகும், சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்து இருபது வெள்ளிக்குள் போகும். கைக்கு 2,200 சொச்சம். அறை வாடகை 600 என்று வைத்துக்கொண்டால், சாவி வாங்கும் நாளில் 600 மட்டும் கொடுத்தால் போதாது. முதல் மாத வாடகை, ஒன்று அல்லது இரண்டு மாத முன்பணம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாத முன்பணம் என்று கேட்பார்கள். இரண்டு மாத முன்பணம் என்றால் 600, 1,200, 300 சேர்த்து 2,100. ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், முதல் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே. சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். ஆக வேலையில் சேர்ந்து ஐந்து வாரம் வரை கையிருப்பில்தான் சாப்பிட வேண்டியிருக்கலாம். வாடகை மாதம் பிறந்தால் தவறாமல் வரும்; கமிஷன் அப்படி வராது. அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதற்கு இதுதான் காரணம். நகரத்தில் பிறந்தவர் கமிஷன் வேலையைச் சோதித்துப் பார்க்கலாம், அவருக்கு அம்மா வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. அறை எடுத்துத் தங்குகிறவரிடம் அந்த வசதி இல்லை.

வசதி குறைவானவர்கள் முதல் ஆறு மாதத்துக்கு நீலாயிலோ காஜாங்கிலோ அறை எடுத்துக்கொண்டு ரயிலில் போய் வருகிறார்கள். வாடகை மிச்சமாகும், நேரம் செலவாகும். நகருக்குள் இருந்தால் மை50 பாஸ் வாங்கலாம். 50 வெள்ளிக்கு முப்பது நாள், ரேபிட் கேஎல் நடத்தும் ரயில்களிலும் பேருந்துகளிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். கொமுட்டருக்கு அந்தப் பாஸ் செல்லாது என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் எங்கே என்று தெரிவதற்கு முன்னால் அறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஷா ஆலாமில் வேலை கிடைத்து, செந்தூலில் அறை எடுத்தவர் தினமும் மூன்று மணி நேரத்தை வண்டியிலேயே தொலைப்பார். முதல் சில வாரங்களுக்குச் சித்தப்பா வீட்டு வரவேற்பறை கௌரவக் குறைச்சல் இல்லை.

நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் அதை வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து படியுங்கள். அடிப்படைச் சம்பளம் என்ற இடத்தில் ஒரு தொகை எண்ணில் எழுதியிருக்க வேண்டும். வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக் கூடாது. வேலையை விட எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருக்க வேண்டும். வாயால் சொன்னது எதுவும் கடிதத்தில் இல்லையென்றால், மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த பிறகு சேமநிதிக் கணக்கைக் கைபேசியில் திறந்து, நிறுவனத்தின் பங்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஊழியர் சேமநிதி வாரியத்திலும், சம்பளத்தைப் பிடித்து வைத்தால் தொழிலாளர் இலாகாவிலும் புகார் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.